முதல் வரியில் பதில்

எடிசன், நியூ ஜெர்சி
4 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "நீ அங்கே அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய், கடைக்கு வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

இது ஒரு காப்பீட்டுக் கம்பெனி. ஒருவர் ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு மனுப் போடுகிறார். எங்கள் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கேள்வி அனுப்பும், டாக்டருக்கு ஒன்று, பாங்கிக்கு ஒன்று. எல்லாக் கேள்வியும் எல்லாப் பதிலும் ஒரே பாதையில்தான் போய் வரும். அதற்கு மெசேஜ் பஸ் என்று பெயர். சில பதில் உடனே வந்துவிடும். சிலது ஒரு மாதம் கழித்து வரும், நடுவில் ஒரு மனுஷர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்குள் ஆயிரம் கேள்வி போயிருக்கும். 'ஆம்' என்று ஒரு பதில் வந்தால் அது எந்தக் கேள்விக்கு? அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண் ஒட்டி அனுப்புவோம். பதில் சொல்கிறவர் அதே எண்ணைப் பதிலிலும் ஒட்ட வேண்டும். எண் இல்லாத பதிலை ஓரமாக ஒதுக்கிவிடுவோம், எவ்வளவு நல்ல பதிலாக இருந்தாலும். இந்த ஒட்டுகிற, பொருத்துகிற பகுதிதான் என் வேலை.

நேரில் பேசினால் இரண்டு நிமிஷம். பக்கத்து மருந்துக்கடைப் போனில் கூப்பிட்டு உங்களிடம் இதைச் சொல்ல முடியாது. இருபது வருஷமாகத் தோசைக்கல்லில் கொத்துப் பரோட்டா தட்டித் தட்டிக் காதைக் கெடுத்துக்கொண்டீர்கள். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் நான் என்றால் போனை வைத்துவிடுவாள். மாதா கோயிலில் தாலி கட்டாமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவள் மகளே இல்லை என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அப்படியேதான் இருக்கிறாளா?

நானும் பொன்னுத்துரையும் எடுத்துக்கொண்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குத்தான். ஆனால் கேட்கிறேன்: அம்மா அதைப் பார்த்தாளா?

வழக்கம்போலப் பதில் முதல் வரியில்.

வினோலியா


திண்டுக்கல்
19 ஆகஸ்ட் 2002

பார்த்தாள்.

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா அந்தோணிமுத்து எழுதிக்கொள்வது. இயேசுவுக்கே புகழ். திருச்சி ஹாஸ்டலில் இருந்தபோது "நாலு பக்கம் கதை அளந்துவிட்டுப் பதிலைக் கடைசி மூலையில் எழுதுறீங்கப்பா, பதிலை முதல்ல எழுதுங்க" என்று நீ போட்ட சட்டத்தை இன்றுவரை மீறியதில்லை. எட்டாவதை இரண்டு தடவை படித்தவன், அதனால் எதையும் அழுத்தமாகக் கற்றுக்கொள்வேன்.

உன் பஸ் விஷயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இல்லை, சுவருக்கு. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பஸ்ஸா? இதுக்கா இம்புட்டுப் படிக்க வச்சோம்?" என்று சுவரிடமே கேட்டாள்.

நம் கடையிலும் அதே சிக்கல்தான். சப்ளையர் பொம்மையன் மேசை நம்பர் சொல்லாமல் "ரெண்டு ஆஃபாயில்" என்று கத்துவான். உள்ளேயிருந்து வந்ததும் ஐந்து பேர் கை தூக்குவார்கள், சண்டை வரும், கடைசியில் இரண்டும் ஆறிப்போய் எனக்கு வரும். இந்த உடம்பு உழைத்துப் பெருத்ததென்று ஊரில் நினைக்கிறார்கள். நம்பர் இல்லாத பதிலைத் தின்று பெருத்த உடம்பு.

படத்தைப் பார்த்தாள் என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இளைச்சிட்டா" என்றாள். செத்த நேரம் கழித்து, "அவனுக்குத் தொப்பை விழுது" என்றாள். இரண்டு வருஷத்தில் உன்னைப் பற்றி என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் வாயை மூடிவிடுவாள்.

ஒரு விஷயம். அவளுக்குச் சர்க்கரை, சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது. வாரம் இரண்டு தடவை மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறோம். போகும்போது சின்னாளப்பட்டிச் சேலைக்கடைப் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவாள். திரும்பும்போது தூங்கிவிடுவாள். பயப்படாதே.

அப்பா


எடிசன்
2 செப்டம்பர் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

பயப்படாதே என்று எழுதினால் பயப்படாமல் இருந்துவிடுவேனா? எத்தனை நாளாக இது? ஆஃபாயில் கதை ஒரு பக்கம், இது நாலு வரி. உங்களை எனக்குத் தெரியாதா?

அங்கே திண்டுக்கல்லில் இருக்கிற என் சிநேகிதி நர்கீஸின் அண்ணன் இந்த மாதக் கடைசியில் இங்கிருந்து ஊருக்கு வருகிறார். வீட்டிலேயே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷின் இங்கே கிடைக்கிறது. அவரிடம் கொடுத்தனுப்பட்டுமா? நான் கொடுத்தது என்று தெரிந்தால் தொடமாட்டாள் என்றால் நீங்கள் வாங்கியதாகச் சொல்லுங்கள்.

வினோலியா


எடிசன்
7 செப்டம்பர் 2002

அப்பா,

இதை அவசரத் தபாலில் போடுகிறேன், ஐந்தாறு நாளில் வந்துவிடும் என்றார்கள். முன்பு போட்ட கடிதத்தையே முந்திவிடலாம்.

தூக்கம் இல்லை. நவம்பரில் எனக்கு லீவு கொடுப்பார்கள். நான் ஊருக்கு வரட்டுமா? அவரும் வருவார், வேண்டாம் என்றால் நான் மட்டும் வருகிறேன். நான் பாட்டுக்கு வந்து நின்று, அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அந்த உடம்புக்கு அது ஆகாது. எனக்கும் ஆகாது. அதனால் அவளிடமே கேளுங்கள். அவள் வாயால் வருவதை எழுதுங்கள்.

வினோலியா


திண்டுக்கல்
17 செப்டம்பர் 2002

வேண்டாம். அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

அன்பு மகளுக்கு, இயேசுவுக்கே புகழ். கோபித்துக்கொள்ளாதே. நானும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். "அவளுக்கு எதுக்கு வீண் சிரமம்? அங்கன நல்லா இருந்தாப் போதும்" என்று முடித்துவிட்டாள். அவள் முடித்ததை நான் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. கல்லாவில் சில்லறை இல்லை என்று அவள் சொன்னால் ரிசர்வ் வங்கியே வந்தாலும் இல்லைதான்.

கடையில் நேற்று மாவு பிசைந்து வீசுகிறவன் வரவில்லை. நானே பரோட்டா வீசினேன். முதல் பரோட்டா பழனி ரோட்டைப் பார்த்துப் பறந்தது. பொம்மையன் சிரித்த சிரிப்பில் இரண்டு வாடிக்கையாளர் எழுந்து போய்விட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


எடிசன்
1 அக்டோபர் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் வந்தது. புரிந்துகொண்டேன். இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை.

மேல் அறையில் என் பீரோவில் சேலைகள் இருக்கின்றன, படித்த புத்தகங்கள், சர்ட்டிபிகேட்டுகள். அந்த அறை எதற்குச் சும்மா அடைந்து கிடக்க வேண்டும்? நர்கீஸை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா? அவள் வீட்டில் இடம் இருக்கிறது.

வினோலியா


திண்டுக்கல்
11 அக்டோபர் 2002

சரி. தாமதிக்க வேண்டாம். அம்மாவே சொன்னாள்.

அன்பு மகளுக்கு, இயேசுவுக்கே புகழ். இன்றைக்கு அவளிடம் உன் கடிதத்தை அப்படியே படித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு, "சரின்னு எழுதுங்க. தள்ளிப்போட வேணாம்னு எழுதுங்க" என்றாள். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரே அமர்க்களம். மேல் அறையை உடனே காலி பண்ணச் சொன்னாள். நானும் பொம்மையனும் உன் பீரோவை வெளியே இழுத்தோம். புத்தகங்களைக் கட்டிவைத்தாயிற்று. நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறது. என் முதுகு பிடித்துக்கொண்டு, இப்போது கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

டாக்டர் சொல்வதைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று எனக்கு அம்மாவின் உத்தரவு. ஆகையால் எழுதவில்லை.

அப்பா


திண்டுக்கல்
12 நவம்பர் 2002

எந்த விமானம்? என்றைக்கு?

முதல் வரியில் பதில் எழுதுகிறவன் கேள்வி எழுதிவிட்டேன். மன்னிக்கணும். வருகிற தேதியைச் சொல்லி உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. நவம்பரில் லீவு என்று நீ அவசரத் தபாலில் போட்டது போன மாதம்தான் கைக்கு வந்தது. பழைய கடை விலாசத்தைப் போட்டிருந்தாய். அது எங்கெங்கோ சுற்றி, நாலு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தது. வந்த அன்றைக்கே, சரி, தாமதிக்க வேண்டாம் என்று எழுதிப் போட்டேனே?

அதற்குப் பிறகு வந்த உன் கடிதத்தில் சாமானையெல்லாம் நர்கீஸ் வீட்டுக்கு அனுப்பலாமா என்று இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்குப் பயந்து அங்கே தங்கப்போகிறாய் போல என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னால், "வரட்டும், நேர்ல வச்சுக்கிறேன்" என்றாள். அதனால் பதில் எழுதவில்லை. அதிலேயே 'உங்கள் பதில் வந்தது, இனி கேட்க மாட்டேன்' என்று வேறு எழுதியிருந்தாய். சர்க்கரை பார்க்கிற மிஷின் வேண்டாம் என்றதற்கா இம்புட்டுக் கோபம்? சரி, கொண்டுவா. ஊரிலுள்ள எல்லார் விரலையும் குத்திப் பார்த்துவிடலாம்.

அம்மாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை. கட்டிலைக் கீழே ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறோம். ஆட்டோ சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறாள். நேற்று, "மாப்பிள்ளைக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஊரில் யார் வீட்டு மாப்பிள்ளையோ என்று நினைத்து, "எந்த மாப்பிள்ளை?" என்றேன். "ஏன், உங்களுக்கு எத்தனை மக?" என்றாள்.

எத்தனை மணிக்கு எங்கே வந்து நிற்கட்டும் என்று மட்டும் சொல். வடமதுரை வரை வேண்டுமானாலும் வந்து நிற்கிறேன்.

அப்பா


எடிசன்
20 நவம்பர் 2002

அப்பா,

மருந்துக்கடையிலிருந்து நீங்கள் பேசியதைப் பொன்னுத்துரைதான் கேட்டார். நீங்கள் "அடக்கம் முடிஞ்சிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்களாம். அவர் கேட்டது எதுவும் உங்கள் காதில் விழவில்லையாம். எனக்குப் போனைக் கையில் வாங்கத் தைரியம் இல்லை.

வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள், அம்மாவும் அதையேதான் சொன்னாள் என்று எழுதினீர்கள். சாமானை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி, தாமதிக்க வேண்டாம் என்று அம்மாவே சொன்னாள் என்றீர்கள். அறையைக் காலி பண்ணி வெள்ளையும் அடித்துவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை நான் நின்றுகொண்டே படித்தேன். நர்கீஸிடம் சொல்லக்கூட மனம் வரவில்லை, அவளை அனுப்பவில்லை.

பெற்றவள் அவ்வளவு வெறுத்துவிட்டுப் போக நான் என்ன செய்தேன்? ஒருவரைப் பிடித்தது, கட்டிக்கொண்டேன். முடியாமல் கிடக்கிறாள் என்று ஒரு வார்த்தை நேராக எழுதியிருந்தால், கதவைச் சாத்தினாலும் பரவாயில்லை என்று வந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சொன்னதை எழுதக் கூடாது என்று உத்தரவாம். பரோட்டா பறந்ததை எழுத மட்டும் உத்தரவு இருந்ததா?

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

வினோலியா


எடிசன்
25 நவம்பர் 2002

அப்பா, அப்பா,

நீங்கள் பன்னிரண்டாம் தேதி போட்ட கடிதம் இன்றைக்கு வந்தது.

எந்த விமானம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்தேன். பிறகு உங்கள் கடிதங்களையெல்லாம் தரையில் பரப்பினேன். வேண்டாம் என்றது மிஷினுக்கு. சரி என்றது நான் வருவதற்கு. நான் ஒவ்வொன்றையும் அடுத்த கேள்வியில் பொருத்திப் படித்திருக்கிறேன். அவசரத் தபால் முந்திவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பதிலை முதல் வரியில் எழுதச் சொன்னவளும் நான்தான். ஒரு பதில் வருமுன் அடுத்த கேள்வியைப் போட்டவளும் நான்தான். பகலெல்லாம் ஆபீசில் ஊர் பேர் தெரியாதவர்களின் கேள்விக்கும் பதிலுக்கும் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே மருந்துக்கடைக்குப் போன் செய்தேன். உங்களைக் கூட்டிவந்தார்கள். "ஆங்? ஆங்? யாரு?" என்றீர்கள். இதை எப்படிக் கத்திச் சொல்வது? அந்தக் கடையில் எத்தனை பேர் நின்றிருந்தார்களோ. வைத்துவிட்டேன். அது நான்தான்.

மாப்பிள்ளைக்குக் காரம் ஆகுமா என்று கேட்டாளா? நிஜமாகவா?

போன வாரம் நான் எழுதிய கடிதம் வந்தால் படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அம்மா என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு போனாள்? கூப்பிட்டும் வராதவள் என்றா?

இனி நான் அங்கே வந்து என்ன ஆகப்போகிறது?

வினோலியா


திண்டுக்கல்
9 டிசம்பர் 2002

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இயேசுவுக்கே புகழ்.

இந்தத் தடவை முதல் வரியில் ஒன்றும் எழுதவில்லை. உன் இரண்டு கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. படிக்காதே என்றதைத்தான் முதலில் படித்தேன். வந்த வரிசை அது. நீ எழுதியது சரிதான், பரோட்டாவை எழுதத் தெரிந்தவனுக்கு இதை எழுதத் தெரியவில்லை. பயந்தால் எனக்கு வேடிக்கைப் பேச்சுதான் வரும். அம்மா அதை, "ஒங்க அப்பனுக்குக் காய்ச்சல் வந்தா ஊரே சிரிக்கும்" என்பாள்.

பழியைப் பற்றி எழுதியிருந்தாய். பதிலை முதலில் எழுது என்றுதான் நீ சொன்னாய். எதற்குப் பதில் என்பதை எழுதாதே என்று சொல்லவில்லை. அது என் சொந்தப் படிப்பு. கடையில் கேட்கிறவன் எதிரே நிற்கிறான், 'இருக்கு', 'இல்ல' என்றால் போதும். உனக்கும் அப்படியே எழுதிவிட்டேன், நீ எதிரே நிற்பது மாதிரி.

இப்போது நீ கேட்டதை அப்படியே மேலே எழுதி, கீழே பதில் எழுதுகிறேன்.

நீ நவம்பர் 25ஆம் தேதிக் கடிதத்தில் கேட்டது: 'அம்மா என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு போனாள்? கூப்பிட்டும் வராதவள் என்றா?'

இதற்குப் பதில்: இல்லை. வந்துகொண்டிருப்பவள் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

மாதா கோயில் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்து, நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். கடையில் மத்தியானக் கூட்டம், பொம்மையன் தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தான். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். "இப்ப எங்கன வந்திருப்பா?" என்று கேட்டாள். கடிதம் இல்லை, தகவல் இல்லை, எனக்கு என்ன தெரியும்? "மெட்ராஸ்ல எறங்கிட்டாளாம். பஸ் ஏறணும்" என்றேன். "அப்பச் சாயங்காலத்துக்குள்ள வந்துருவா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பப் பார்த்தாள், முடியவில்லை. நான் பிடித்துத் திருப்பிப் படுக்கவைத்தேன். "மேல ஃபேன் போட்டு வைங்க, வெள்ளையடிச்ச வாடை போகட்டும்" என்றாள். நான் மாடிக்குப் போய் ஃபேனைப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அவ்வளவுதான்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டு, பாவமென்று இந்தப் பொய்யைச் சொன்னேன். சாமியார், "வேற என்ன?" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டேன்.

அவள் உன் கடிதம் எதையும் தப்பாகப் படிக்கவில்லை பாப்பா. தப்பாகப் படித்தது நாம் இரண்டு பேர். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல், உனக்கும் அதைத்தான் தர முடியும்.

நீ கேட்ட இன்னொன்று: 'இனி நான் அங்கே வந்து என்ன ஆகப்போகிறது?'

இதற்குப் பதில்: தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு இரண்டு தடவை கடைக்குப் போய்வந்தேன், அப்போதும் தெரியவில்லை. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். கல்லாவில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவனுக்கெல்லாம் சில்லறை கொடுக்கிறேன். கடை அவள் இருந்தபோது இருந்த மாதிரி இல்லை. நீ வந்தால் சாப்பிடுகிறபோது எதிரே ஒரு ஆள் இருக்கும். அதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

கல்லறைக்குக் கல் வெட்டச் சொல்லியிருக்கிறேன். அவள் பெயர், தேதி, கீழே என் பெயர், உன் பெயர், மருமகன் பெயர். கல்வெட்டுகிறவர், "மருமகன் பேருக்கு முன்னால என்ன எழுத்து போட?" என்று கேட்டார். நான் கொண்டுபோன சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். "என்ன அண்ணே, மருமகன் இனிசியல் தெரியாதா?" என்றார். தெரியாது. இரண்டு வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. மாப்பிள்ளையின் ஊரான ரெட்டியார்சத்திரத்தில் போய் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். ஆனால் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

பொன்னுத்துரையின் அப்பா பெயர் என்ன? அவர் இருக்கிறாரா? அவருடைய அம்மா இருக்கிறார்களா? மாப்பிள்ளைக்குக் காரம் ஆகுமா?

எழுது. கல் காத்திருக்கும். ஒவ்வொன்றையும் எந்தக் கேள்விக்கு என்று மேலே போட்டு எழுது.

அப்பா